மீசை இல்லாமல் எடுத்த காட்சி

ஹார்லன் ஸ்கெக்ஸைத் திரையில் பார்க்காதவர்கள் அந்த ஊமைப்பட நாளில் குறைவு. ஆனால் தெருவில் எதிரே வந்தால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. அவர்கள் பார்த்தது கோந்து போட்டு ஒட்டிய ஒரு மீசையைத்தான். குதிரைவாலில் பாதியை வெட்டியெடுத்தது போல இரண்டு உதடுகளையும் மூடித் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு அவன் போலீஸ்காரனாக, மாமனாராக, கசாப்புக் கடைக்காரனாக உதை வாங்கினான். உதைப்பவன் டிக்கி லோம். ஆள் சுண்டைக்காய், படத்துக்கு அவன் பெயர்தான். முறிகிற எலும்பு மட்டும் ஹார்லனுடையது.

எடென்டேல் ஸ்டூடியோவுக்கு அவன் நடிக்க வரவில்லை. ஐஸ் கட்டி இறக்க வந்தவன். படியில் சறுக்கி விழுந்தான். விழுந்த அழகைப் பார்த்துவிட்டு டைரக்டர் பிராடி, "எங்க, இன்னொரு தடவை விழு பாப்போம்" என்றார். அன்று தொடங்கியது அவன் பிழைப்பு.

அவன் மனைவி ஐடாவுக்குச் சிறு வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். ஊமைப் படம் அவளுக்கு ஊமை இல்லை. கேமரா முன்னால் யார் என்ன பேசினாலும் கேட்காது என்ற தைரியத்தில் நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். திரையில் பாதிரியார் கல்யாணம் நடத்திவைத்துக்கொண்டிருப்பார். அரங்கம் பக்தியோடு பார்க்கும். ஐடாவுக்கு மட்டும் சிரிப்பு தாங்காது.

"அந்தப் பாதிரி என்ன சொல்றான் தெரியுமா? 'என் கால மிதிக்காதடி எருமை, கால் ஆணி இருக்கு'ன்னு கல்யாணப் பொண்ணைத் திட்டுறான்."

"மெதுவாப் பேசுடி, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க," என்பான் ஹார்லன். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

அதெல்லாம் ஜோயல் இருந்த காலம். மகன் பிறந்ததும் ஐடா ஒரு கையை அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்குவாள். அழுதால் கைக்குத் தெரியும். ஒரு குளிர்காலத்தில் ஹார்லன் துறைமுகத்தில் படப்பிடிப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. சக நடிகர்களோடு சீட்டாட உட்கார்ந்துவிட்டான். அன்று ராத்திரி வீட்டில் குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அசதியில் ஐடாவின் கை நழுவியிருந்தது. விடிந்து அவள் கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பிறகு ஹார்லன் கல்லுளிமங்கனாகிவிட்டான். பேசினாலும் சுவரைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்துப் பேசினான். காது கேட்கிற பெண்ணாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் நின்றாவது கேட்டுக்கொள்வாள். ஐடாவிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வது கதவை அடைத்துத் தாழ் போடுவதற்குச் சமம். அவள் மீதுதான் பழி போடுகிறான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அவனோ சீட்டுக்கட்டை நினைத்து வெட்கிச் செத்துக்கொண்டிருந்தான். கேட்கும் துணிச்சல் அவளுக்கு வரவில்லை. சொல்லும் துணிச்சல் அவனுக்கு வரவில்லை.

மறு வருஷம் ஒரு ரொட்டிக்கடைக் கதை எடுத்தார்கள். ஹார்லன் மூன்று நாள் பாடுபட்டுக் கட்டிய கல்யாண கேக்கின் மேல் டிக்கி உட்கார்ந்துவிடுவான். சண்டையில் மீசையும் பிய்ந்து வந்துவிடும். கேக்கின் முன் மண்டியிட்டு அந்த மலை போன்ற மனிதன் தேம்பி அழ வேண்டும்.

மீசையை மறுபடி ஒட்ட ஆள் ஓடிவந்தபோது பிராடி கையமர்த்தினார். "வேணாம், இப்படியே இருக்கட்டும். ஹார்லன், கேமரா கிட்ட வருது. அழு. உன் புள்ளைய நசுக்கிட்ட மாதிரி அழு."

பிராடி கெட்டவர் இல்லை. நாக்குக்கு முன்யோசனை இல்லாதவர், அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேமராக்காரர் மட்டும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். டைரக்டர் நிறுத்தச் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் சட்டம். ஹார்லன் நசுங்கிய கேக்கை இரண்டு கையாலும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு அழுதான். வாய் ஏதேதோ பேசியது. இத்தனை வருஷப் பழக்கத்தில், மீசை மூடியிருக்கிறது என்றே நினைத்துப் பேசினான்.

படம் வெளிவரும் முன் ஒரு சனிக்கிழமை பாசடீனாவில் ஒரு தியேட்டரில் ஜனங்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எங்கே சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது வழக்கம். ஹார்லனும் ஐடாவும் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கேக் காட்சி வந்தது. திரை முழுக்க மீசையில்லாத தன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அந்த உதடுகள் சொன்னது இதுதான்: "நான் வீட்ல இல்லையே, ஜோயல். சீட்டாடிக்கிட்டு இருந்தேண்டா. அம்மா மேல தப்பில்ல. நான்தான் வந்திருக்கணும்."

அரங்கம் அதிர்ந்தது. டிக்கிக்குக்கூட இப்படிச் சிரித்ததில்லை. முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். அந்த இரைச்சலுக்கு நடுவே ஐடா முழுக்குரலில் கேட்டாள். சிரிப்பில் வேறு யார் காதிலும் அது விழவில்லை.

"ஹார்லன், நீ என்னைக் குத்தம் சொல்லலையா?"

ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது அவனுக்கு. பிறகு திரையின் வெளிச்சம் தன் வாயில் படும்படி அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"ஒரு நாளும் இல்ல, ஐடா. வீட்டுக்கு வராம உக்காந்து சீட்டாடினேன். அதச் சொல்ல வாய் வரல."

அவள் அவனை ஓங்கி ஒரு அறை விட்டாள். அப்புறம் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பின்வரிசைக்காரர்கள் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை பிராடி அவனைக் கூப்பிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"டிக்கி அந்தக் காட்சிய வெட்டச் சொல்லிட்டான். தன்னைவிட இன்னொருத்தனுக்கு ஜாஸ்தியாச் சிரிச்சா அவனுக்குப் பொறுக்குமா? அது மட்டும் இருந்திருந்தா நீ எங்கயோ போயிருப்படா."

ஹார்லனுக்கு வயிறு எரியாமல் இல்லை. அவனும் மனிதன்தானே. அந்த மாதிரி வாய்ப்பு அவனுக்கு அதன்பின் வரவேயில்லை. பேசும் படம் வரும்வரை மீசையை ஒட்டிக்கொண்டு விழுந்து எழுந்தான், பிறகு ஐஸ் வண்டிக்கே திரும்பினான்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் சமையல்கட்டில் ஐடாவுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து செய்தியைச் சொன்னான்.

"அப்போ இனிமே யாருமே பாக்க முடியாதா?"

"முடியாது. வெட்டித் தூக்கிப் போட்டுட்டாங்க."

"போகட்டும்," என்றாள் ஐடா. "ஊர் ஊரா அதுக்குச் சிரிப்பாங்களேன்னுதான் ரெண்டு நாளா நான் சாப்பிடல."