வாஷர் அடைத்த ஓட்டை

முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, இரண்டு கைகளாலும் சிமென்டை அப்பிக்கொண்டிருந்தார் வாஷர். குளக்கரையின் கல்வரிசையில், கோரைப்புல்லுக்குப் பின்னால் ஓர் ஓட்டை; ஒரு குடம் நுழையும் அகலம். அதன் அடிவிளிம்பைத் தாண்டித் தண்ணீர் மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது.

ஓய்வுபெற்ற பிளம்பர் அவர். சட்டைப்பையில் எப்போதும் நாலு வாஷர் கிடக்கும்; ஊர் வைத்த பட்டப்பெயரும் அதுவே. விருந்துக்குப் போன வீட்டிலும் குழாயைக் கழற்றிப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஆனால் இந்தக் குளத்தைச் சுத்தம்செய்யும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் எடுபடவில்லை. கூட்டத்தை நடத்துகிற நர்ஸம்மா, "உங்க முட்டிய வச்சுக்கிட்டு சேத்துல இறங்காதீங்க" என்று எட்டு வாரமாக டீ ஊற்றத்தான் விட்டிருந்தார். இன்று டீ தீர்ந்ததும் வாஷர் நழுவிவிட்டார்.

சாக்கைத் திணித்து, செங்கல் சொருகி, சிமென்ட் பூசி முடித்துக் கரையேறினார். "பெருச்சாளி பண்ணின வேலை. இனிமே ஒரு பொட்டுத் தண்ணி போகாது!" எல்லோரும் கைதட்டினார்கள். நர்ஸம்மாகூடத் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை பிடித்த மழை வெள்ளிவரை விடவில்லை. சனிக்கிழமை காலை, கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், வாஷருடைய அக்காவின் சமையலறை.

நர்ஸம்மா எல்லோரையும் வரவழைத்தார். "உள்ள போறது வெளிய வரணும். மனுஷனுக்கும் அப்படித்தான், குளத்துக்கும் அப்படித்தான். இதை வெட்டினவங்க மிச்சத் தண்ணி போக எங்கேயோ வழி வச்சிருப்பாங்க. தேடுங்க."

எந்த வழி என்று வாஷருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. ஆனாலும் எதிர்க்கரைக்குப் போய், மற்ற எவரையும்விட மும்முரமாக, இல்லாத வழியைத் தேடினார். "அண்ணனைப் பாருங்க, முட்டிவலியோட என்னமா உழைக்கிறாரு!" என்று புகழ்ச்சி வேறு.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா அரிசி டின்னை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். வாஷர் மறுபக்கம் பிடித்தார்.

"மீன் வந்தா நானே பிடிச்சுக்குவேன்டா. பாம்பு வந்தா உன் விலாசம் குடுத்து அனுப்பிடுவேன்."

"அக்கா, அது பெருச்சாளி ஓட்டை இல்ல."

"எது?"

"நான் அடைச்சது."

அக்கா டின்னை விட்டுவிட்டாள். பாரம் முழுவதும் வாஷர் கையில்.

"எதைப் பார்த்தாலும் அடைக்கிறது! காலைலேர்ந்து வாயையும் அடைச்சுக்கிட்டியா?"

"சொன்னா மறுபடி டீ ஊத்த விட்டுடுவாங்கக்கா."

"சொல்லலைன்னா இங்க தண்ணி இறைப்ப. எது வசதி?"

அங்கிருந்தே நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். நர்ஸம்மா சொன்னது: "இருட்டப்போகுது, இப்ப இறங்கவேணாம். அக்கா உங்க வீட்டுல படுக்கட்டும். விடிஞ்சதும் கடப்பாரையோட வாங்க."

மறுநாள் காலை வாஷரின் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். மறுமுனை அக்கா கையில். தண்ணீருக்குள் கடப்பாரையால் குத்தினார், குத்தினார்; சிமென்ட் அசையவில்லை.

"வேலைன்னா இப்படி இருக்கணும்" என்று அவரையும் மீறி வாயில் வந்தது.

"பெருமை அப்புறம், குத்துடா!" என்று அக்கா கயிற்றைச் சுண்டினாள்.

மூன்று பேர் மாற்றி மாற்றிக் குத்தியதில் ஒன்பது மணிக்குச் செங்கல் பெயர்ந்தது. சாக்கையும் வாஷரின் ஒரு செருப்பையும் அடித்துக்கொண்டு தண்ணீர் கரைக்கு வெளியே, அக்கா வீட்டை ஒதுக்கிப் போகும் பழைய வாய்க்காலில் பாய்ந்தது. வாய்க்கால் நெடுகப் புல் மண்டிக் கிடந்தது. நர்ஸம்மா அவர் முட்டியைத் துணியால் இறுக்கிச் சுற்றினார். கையில் ஓர் அரிவாளைக் கொடுத்து, "இங்கேருந்து ஆரம்பிங்க" என்றார். வாஷர் ஒற்றைச் செருப்போடு இறங்கி அறுக்கத் தொடங்கினார்.