அண்ணன் வண்டியும் நான் செய்யாத இரண்டாவது அழைப்பும்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இன்றைய ஜெபக்கூட்டத்தில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் என் வணக்கம். "நீதான படிச்சவ, நீயே எழுது" என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நற்குணங்களை மட்டும் வரிசையாகச் சொல்லி முடித்திருக்கலாம். அப்படி முடித்தால் நான் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று எனக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் அதையும் எழுதுகிறேன். தவறாக இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது சேரப்பணஞ்சேரியில். அப்பா கட்டட வேலைக்குப் போனவர். அண்ணன் ஐ.டி.ஐ. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். படிப்பை அதோடு நிறுத்திவிட்டு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து ஓ.டி.யும் பார்த்துவிட்டு வருவார். நான் பி.காம். முடித்தது அந்த உழைப்பில்தான். ஒப்பந்தம் முடிந்து அனுப்பிய பிறகு, வேறொருவரின் சிறிய லாரியை நான்கு வருடம் ஓட்டினார். சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஆறு மாதம் ஓடியது. எனக்கு எதிலும் சந்தேகம் வரும். டீசல் விலை ஏறிக்கொண்டே போகிறதே, கேஸ் வண்டி வாங்கலாமே என்றேன்.

"கேஸ் பங்குல லைன்ல நின்னா அரை நாள் போய்டும்மா. சரக்கு போவலன்னா அங்க கம்பெனியில வேல லைன் நின்னுடும். அப்புறம் எவன் நம்மள கூப்புடுவான்?" என்றார் அண்ணன்.

"பழைய வண்டி பார்க்கலாமே அண்ணா?"

"பழசு வாங்கினா நீ தினம் போன் பண்ணி பிரேக் புடிக்குதா, பிரேக் புடிக்குதான்னு கேப்ப. புதுசே வாங்கிடலாம், எனக்கு நிம்மதி."

வண்டி எடுக்கும் அன்று நான் எட்டு மாத கர்ப்பிணி. ஷோரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் படித்தேன். விற்பனைப் பிரதிநிதி இரண்டு முறை டீ வரவழைத்தார். "மேடம் வக்கீலா சார்?" என்று அண்ணனிடம் கேட்டார். "அதுக்கும் மேல. என் தங்கச்சி" என்றார் அண்ணன். புகைப்படத்துக்காக அங்கே அட்டையில் பெரிய சாவி ஒன்று வைத்திருப்பார்கள். அதை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, தான் ஓரமாக நின்றுகொண்டார். இந்த மலரின் மூன்றாம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது.

எங்கள் சபைப் போதகர் வந்து ஜெபம் செய்தார். கண் திறந்து பார்த்தால், ஷோரூம் ஆட்கள் பழக்கத்தில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்கள். அண்ணன் வண்டியைப் பழத்தின் மேல் ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் போதகரைப் பார்த்தார். "ஏத்துப்பா, பழம்தான? ஜூஸ் போட நேரமில்ல" என்றார் போதகர். அண்ணி சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்கள்.

முன் கண்ணாடியில் பிள்ளைகள் பெயரை எழுதுவது இந்தப் பக்கத்து வண்டிக்காரர்களின் வழக்கம். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அண்ணன் ஆறு வாரம் வெறுங்கண்ணாடியோடு ஓட்டினார். "இன்னாபா, வண்டிக்கு இன்னும் பேரு வெக்கலயா?" என்று மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்வார்களாம். "ஆள் இன்னும் வரல" என்பாராம். என் மகள் பிறந்து பெயர் வைத்த அன்று மாலையே ஸ்டிக்கர் கடைக்குப் போய் 'ஜெனி' என்று எழுதிக்கொண்டு வந்தார்.

பென்னலூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பட்டறையில் ரப்பர் பாகங்களை ஏற்றி, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இறக்குவதுதான் அவருக்கு வழக்கமான லோடு. தூரம் குறைவு, பாதி வழி நெரிசல். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் புகையை வடிகட்டும் பகுதியில் கரி அடைத்து மஞ்சள் விளக்கு எரியும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்களை ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் வரை போய்த் திரும்புவார். "வண்டி மூச்சு வுடணும்" என்பார். அண்ணிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அந்தச் சாலையில்தான். "கியர் மாத்தவே வேணாம், அப்டியே புடிச்சிகினு போ" என்று பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே வருவார். செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அண்ணி லைசென்சும் எடுத்தார்கள். எங்கள் குடும்பம் சுற்றுலா என்று தனியாக எங்கும் போனதில்லை. அந்த மஞ்சள் விளக்குதான் எங்களை வெளியே அழைத்துப் போனது.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் லோடு இறக்க வரும் ஓட்டுநர்கள் கேட்டிலேயே போனைக் கொடுத்துவிட வேண்டும். எண் போட்ட சிறிய பெட்டிகள் வரிசையாக இருக்கும். அண்ணனுக்குப் பெரும்பாலும் பதினான்காம் எண். உள்ளே போய் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியையும் ஸ்டோரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெட்டியில் போன் ஒருமுறை அடித்தால் காவலாளிகள் கண்டுகொள்ள மாட்டார்கள். விடாமல் அடித்தால் வீட்டில் ஏதோ அவசரம் என்று உள்ளே தகவல் சொல்வார்கள்.

ஜெனிக்கு இரண்டு வயதில் ஒரு நாள் கடும் காய்ச்சல். என் கணவர் ஷிப்டில் இருந்தார். நான் அண்ணனுக்கு ஒன்பது முறை போன் செய்தேன். காவலாளிகள் உள்ளே தகவல் சொல்ல, பாதி லோடு இறங்கியிருந்த நிலையில் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் காய்ச்சல் இறங்கி, ஜெனி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "மாமா வர்றேன்னு தெரிஞ்சி ஜுரம் ஓடிப்போச்சா?" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். ஒரு வார்த்தைகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தத் தொழிற்சாலை அவருடைய வண்டியை ஒரு வாரம் உள்ளே விடவில்லை என்பது பின்னால் அண்ணி சொல்லித்தான் தெரிந்தது.

நான் அழுதபோது அண்ணன் சொன்னது இதுதான்: "இனிமே ஒரு வாட்டி அடிம்மா. எடுக்கலன்னா உள்ள கீறேன்னு அர்த்தம். வெளிய வந்து நானே கூப்புடுறேன். பயப்படாத."

பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடம் ஒருமுறைக்கு மேல் அடித்ததே இல்லை.

சென்ற ஆண்டு அந்த நாள் காலையில் பட்டறையில் லோடு ஏற்றிவிட்டு டீ குடிக்க வந்தார். இடது தோளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். "தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது புடிச்சிக்கிச்சு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "லோடு ஏறிடுச்சும்மா. இறக்கிட்டு போறேன்." தைலம் தேய்த்துவிட்டேன். ஜெனிக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு மனம் கேட்காமல் போன் செய்தேன். அடித்து நின்றது. மறுபடியும் செய்ய விரல் போனது. அந்த ஒரு வாரம் நினைவுக்கு வந்தது. உள்ளே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டு, ஜெனியின் சீருடையை ஊறவைக்கப் போனேன்.

பன்னிரண்டரைக்கு அண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "என்னண்ணா, இவ்ளோ நேரம்?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். பேசியது கேட் காவலாளி.

ஓட்டுநர்கள் காத்திருக்கும் கொட்டகையில் அண்ணன் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். வாயு என்று சொல்லிச் சோடா கேட்டிருக்கிறார். பிறகு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுவாரம், நன்றி சொல்ல அந்தக் கேட்டுக்குப் போனேன். காவலாளி ஐயா எனக்கு நாற்காலி போட்டார். வருத்தத்தோடு பேசிக்கொண்டே வந்தவர் சொன்னார்: "போன் ஒரு வாட்டி அடிச்சிதும்மா. ஜெனி அம்மான்னு பேரு வந்துச்சு. இன்னொரு வாட்டி அடிச்சா உள்ள சொல்லிடலாம்னு பாத்துகினே இருந்தேன். அடிக்கல." அவர் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு மருத்துவரிடம் போய்க் கேட்டேன். பதினொரு மணிக்கே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. "இப்ப அதை யாரும் சொல்ல முடியாதும்மா" என்றார். இன்றுவரை எனக்குக் கிடைத்திருக்கும் பதில் அது ஒன்றுதான்.

பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். கையை எடுக்கவே இல்லை.

"எனக்குத் தெரியும். அவரு போன்ல உன்னோட மிஸ்டு கால் ஒண்ணு இருந்துச்சு."

"இன்னொரு வாட்டி பண்ணியிருக்கணும் அண்ணி."

"நீ ஒரு வாட்டியாவது பண்ண. நான் ஒரு வாட்டி கூட பண்ணலயே. என் போனும் என் கம்பெனி லாக்கர்லதான இருந்துச்சு."

சோறு வெந்ததும் எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.

வண்டியை விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அண்ணி கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு செல்போன் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்கள். அதே பட்டறை, அதே கேட். முதல் நாள் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "உனக்கு எத்தினி வாட்டி தோணுதோ, அத்தினி வாட்டி அடி. திட்டுனா என்னைத்தான திட்டப் போறாங்க."

எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லி முடிக்க வேண்டும். அடக்கத்தை நடத்திக்கொடுத்த போதகருக்கும் சபையாருக்கும், தங்கள் லோடை நிறுத்திவிட்டு வந்து அண்ணனைச் சுமந்த ஓட்டுநர் நண்பர்களுக்கும், அன்றுமுதல் எங்கள் அம்மாவைத் தனியாக விடாத சேரப்பணஞ்சேரித் தெருவாருக்கும் எங்கள் நன்றி. அன்று ஸ்டோரிலிருந்து சாவியை வாங்கி, அண்ணனை அவருடைய வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர்; சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுநர். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. மறுபடி போய் விசாரித்தபோது ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருக்கு இந்த மலர் போய்ச் சேராது. அவருடைய வீட்டாரைக் கடவுள் காக்கட்டும்.

கேட் காவலாளி ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அண்ணி முதல் லோடு கொண்டுபோன அன்று, கேட்காமலேயே அந்தப் பதினான்காம் பெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பதினொரு மணிக்கு நான் அண்ணிக்குப் போன் செய்தேன். அடித்து நின்றது. மறுபடியும் அடித்தேன். இரண்டாவது மணியிலேயே காவலாளி ஐயா எடுத்துவிட்டார்.

"ஜெனி அம்மாவா? இரு, எட்டிப் பாத்துட்டு சொல்றேன்."

காத்திருந்தேன். வண்டிகளின் சத்தம் கேட்டது. அவருடைய செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது.

"வண்டியாண்ட நின்னுகினு கீதும்மா. நல்லா கீது."