நான் சொன்ன துடக்கு

தயாபாஸ் என்ற ஊரின் பெயரை முதன்முதலாகக் கேட்டபோது பாரிசின் லா ஷப்பலில் ஒரு தமிழ்க் கடை வாசலில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். மகள் தொலைபேசியில் இருந்தாள்.

"அப்பா, கலியாணம் அங்கைதான். அவற்ரை ஊரிலை. மே மாதம், திருவிழாவுக்கு அடுத்த நாள். உங்களுக்கும் டிக்கெட் போட்டாச்சு."

"அங்கை எண்டால்?"

"பிலிப்பீன். தயாபாஸ். மணிலாவிலையிருந்து பஸ்ஸிலை நாலு மணித்தியாலம்."

மாப்பிள்ளை பாரிசில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறான். அவனுடைய தாய் இங்கே பதினெட்டு வருடம் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். தகப்பன் ஊரை விட்டு எங்கும் போனதில்லை. ஜீப்னி என்று அங்கே சொல்லும் சிற்றுந்தை ஓட்டிவந்தார். சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

நான் பேராதனையில் விலங்கியல் படித்தவன். பாரிசில் முப்பது வருடம் உணவகங்களின் சமையற்கட்டில் நின்றேன். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது, இருப்பது ஒரே மகள். அந்தப் பொடியன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கு இருந்தது வெட்கம். என் மகள் ஒரு பிலிப்பீன்காரனைத் தேவாலயத்தில் கட்டப்போகிறாள் என்று லா ஷப்பலில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "இன்னும் ஒண்டும் சரிவரேல்லை" என்று சொல்லிவைத்திருந்தேன். போய்விட்டு வந்தால் படங்கள் வரும், யாராவது பார்ப்பார்கள், கேட்பார்கள்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வேறு யாருடையதோ கலியாண அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் பகிடி விட்டார்.

"உதுக்கெல்லாம் ஆர் அண்ணை போறது? எனக்கு வருசத்திலை நாலு துடக்கு வரும். ஒரு பெரியப்பாவை மட்டும் மூண்டு தரம் சாக்காட்டியிருக்கிறன்."

"ஆரும் பிடிக்கேல்லையோ?"

"துடக்கு எண்டு சொன்னால் எங்கடை சனம் மறுகேள்வி கேக்குமோ?"

கேட்காதுதான். துடக்கு என்றால் சாவுத் தீட்டு. தகப்பன் வழியில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாளுக்குக் கோயிலும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. வராதே என்று மற்றவர்களே சொல்லிவிடுவார்கள். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான்தான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மகள் முன்கூட்டியே அங்கே போய்விட்டாள். நான் அழைத்து, வன்னியிலிருக்கும் அண்ணன் இறந்துவிட்டான் என்று சொன்னேன். என் பெரியப்பாவின் மகன் அவன். மகள் அவனைக் கண்டதில்லை. அதனால்தான் அவனைத் தெரிவுசெய்தேன்.

"ஐயோ அப்பா. நீங்கள் தனிய நிக்கிறீங்களே. நான் வரட்டே?"

"வேண்டாம் பிள்ளை. நீ உன்ரை அலுவலைப் பார். நான் வந்தால் கலியாணத்துக்குக் கூடாது. துடக்கு."

அவள் கேட்டாள்:

"அப்ப எனக்கும் துடக்குத்தானே?"

நான் அதை யோசிக்கவேயில்லை. இத்தனை படித்தவன், இத்தனை செத்தவீடு கண்டவன், அதை மட்டும் மறந்துபோனேன்.

"அப்பப்பா செத்தபோது என்னைச் சரஸ்வதி பூசையிலை ஆட விடேல்லை நீங்கள்," என்றாள் மகள். "கலியாணம் கட்டாத பிள்ளைக்கும் தகப்பன் வழித் துடக்கு இருக்கு எண்டு சொன்னனீங்கள். நான் அழுதனான்."

"அது ஊர்ப் பழக்கம். இப்ப ஆர் பார்க்கினம்? நீ செய்."

"நீங்கள் பார்க்கிறீங்கள். அப்ப எனக்கு மட்டும் இல்லையோ?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். நான் சொன்னது, "யோசிச்சுச் செய் பிள்ளை."

அவள் மாமியாரிடம் போய்ச் சொன்னாள். பெண் வீட்டில் சாவு விழுந்த வருடத்தில் கலியாணம் செய்வது அங்கேயும் ஆகாதாம். எங்கள் முப்பத்தொரு நாள் அவர்களுக்கு ஒரு வருடம். அதோடு, தகப்பன் துக்கத்தில் இருக்க, மகள் எப்படி அவர் கைபிடிக்காமல் ஆலயத்தில் நடப்பாள் என்றும் அந்த அம்மா கேட்டாராம். கலியாணத்தை அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். துபாயிலிருந்தும் ஹொங்கொங்கிலிருந்தும் விடுமுறை எடுத்து வந்திருந்த உறவினர்கள் திருவிழாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மகள் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்கு நின்றபடி அதைத் திறந்தேன். ஒரு வீட்டுக் கூடம், மெழுகுதிரி, சட்டமிட்ட ஒரு படம், சுற்றிலும் பெண்கள் இருந்து செபிக்கிறார்கள். படத்தில் இருந்தது என் அண்ணன். தொலைபேசியில் வைத்திருந்த எங்கள் பழைய படங்களிலிருந்து மகள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அங்கே ஒருவர் இறந்தால் ஒன்பது நாள் செபம். முகம் தெரியாத ஒருவனுக்காக, மகளின் உறவு என்பதற்காக, அயலெல்லாம் வந்து ஒன்பது நாளும் செபித்தார்கள்.

முதலில் குறித்த கலியாண நாளுக்குப் பிறகு எட்டாம் நாள் மாப்பிள்ளையின் தகப்பன் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு போன வருடத்தை எப்படிக் கழித்தேன் என்று விவரிப்பது கஷ்டம். வன்னியிலிருந்து அண்ணன் மாதம் இரண்டு தரம் அழைப்பான். மகள் பாரிசுக்கு வெளியே எபினேயிலிருக்கும் தன் வீட்டிலிருந்து என்னைப் பார்க்க வரும் நாட்களில் தொலைபேசியை அணைத்துவைப்பேன். அவனுடைய பேரப்பிள்ளைகள் முகநூலில் என் மகளைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். ஒருநாள் அவனுக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டேன். அவன் உண்மையாகவே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே மறைக்கவில்லை. அன்று பின்னேரமே அவன் அழைத்து, என் சீனி வருத்தம் எப்படி என்று விசாரித்தான்.

அடுத்த மே மாதம் மகளோடும் மருமகனாகப் போகிறவனோடும் புறப்பட்டேன். திருவிழா, தகப்பனின் ஆண்டு நினைவு, அதன்பின் கலியாணம், மூன்றும் இரண்டு கிழமைக்குள். மணிலாவிலிருந்து பேருந்து தென்னந்தோப்புகளுக்குள்ளால் போனது. வழியெல்லாம் இருவரும் நித்திரை. நான் முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்தபடி இருந்தேன். லுசேனா என்ற நகரத்தில் இறங்கி ஜீப்னியில் ஏறினோம். எதிரும் புதிருமான நீள இருக்கைகள். காசைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தால் கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகிறது. தன் தகப்பன் வண்டி ஓட்டியதும் இதே பாதையில்தான் என்று மருமகன் சொன்னான். நான் வெளியே பார்த்தேன்.

வீட்டு வாசலில் பிள்ளைகள் வரிசையாக வந்து என் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்தார்கள். அது பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை. ஆறாவது பிள்ளை வந்தபோது கையை இழுத்துக்கொண்டேன். களைப்பு என்று மகள் சமாளித்தாள்.

சம்பந்தி அம்மா என்னை "பலாயே" என்று கூப்பிட்டார். சம்பந்திக்கு அவர்களிடமும் ஒரு சொல் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் பொது மொழி பிரெஞ்சு, அதுவும் வேலைக்காரப் பிரெஞ்சு. நான் சமையற்கட்டில் படித்தது, அவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டியபடி படித்தது. கூடத்துக்குக் கூட்டிப்போய் மாடத்தைக் காட்டினார். அவருடைய கணவரின் படம், பக்கத்தில் என் அண்ணனின் படம். இரண்டுக்கும் ஒரே அளவு மாலை.

"தனியே இருக்க வேண்டாம் என்று சேர்த்து வைத்தேன்," என்றார்.

நான் நன்றி சொன்னேன்.

திருவிழா நாள் உழவர்களின் புனிதருக்கு. வீட்டுக்கு வீடு மூங்கில் நட்டு, அதன் கிளைகளில் சுமன் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒட்டரிசியை ஓலையில் சுற்றி அவிக்கும் பலகாரம் அது. புனிதரின் உருவம் வீதியால் போனதும் மேல்மாடிகளிலிருந்து சுமனை அள்ளி எறிகிறார்கள். கீழே சனம் குடைகளைத் தலைகீழாக விரித்துப் பிடிக்கிறது, இடிபடுகிறது, சிரிக்கிறது. என் மகளும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம்.

அந்த நேரம் என் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. அணைத்துவைக்க மறந்திருந்தேன். திரையில் அண்ணனின் முகம். வெட்டப்போய்ப் பதற்றத்தில் விரல் மாறி எடுத்துவிட்டேன். ஒலிபெருக்கியும் திறந்துகொண்டது.

"டேய் தம்பி! எங்கையடா நிக்கிறாய்? என்ன மேளச் சத்தம்?"

"பிறகு கதைக்கிறன்."

"கோயில் திருவிழாவோ? லா ஷப்பல் தேரோ? எனக்கும் ஒருக்காக் காட்டன்ரா!"

வெட்டினேன். திரும்பினால் மகள் பின்னால் நிற்கிறாள், மடியில் நாலு சுமன்.

"ஆரப்பா?"

"கடைக்காரன். சாமான் ஒண்டு கேட்டவன்."

"தமிழ்க் கடைக்காரரோ? இப்ப பாரிசிலை விடியக் காலமையெல்லோ?" என்று சிரித்துவிட்டு ஒரு சுமனை உரித்து என் கையில் தந்தாள். நான் தொலைபேசியை அணைத்துவைத்தேன்.

ஆண்டு நினைவுக்கு முதல் நாள் காலை சம்பந்தி அம்மா என் அறைக்கு வந்தார். கையில் ஒரு கடதாசிப் பெட்டி. உள்ளே மெல்லிய துணியில் மார்பெல்லாம் நூல்வேலை செய்த வெள்ளைச் சட்டை. அங்கே ஆண்கள் கலியாணத்துக்கு உடுப்பது.

"அவர் இந்தக் கலியாணத்துக்கென்று தைப்பித்தது. ஒருநாளும் போடவில்லை. வருத்தத்தில் மெலிந்துகொண்டு போனார், இரண்டு தரம் திருப்பித் தைக்கக் கொடுத்தோம். கடைசிக் கிழமையிலும், கலியாணம் நடந்து இத்தனை நாளாகியிருக்கும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார். நீங்களும் மெலிவுதான், பலாயே. போட்டுப் பாருங்கள். நாளை பூசையில் அவர் பெயரோடு உங்கள் அண்ணரின் பெயரையும் வாசிக்கக் கொடுத்திருக்கிறேன்."

சட்டையை விரித்து என் தோளில் வைத்து அளவு பார்த்தார். அவர் விரல்கள் என் கழுத்தில் பட்டன.

"மேடம்," என்றேன். பலாயே என்று சொல்ல வாய் வரவில்லை. "என் அண்ணன் சாகவில்லை. நான் பொய் சொன்னேன். இங்கே வர வெட்கப்பட்டேன். அதனால் சொன்னேன்."

என் பிரெஞ்சு பிழையோ என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மறுபடி சொன்னேன்.

"உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

அவர் கட்டிலில் அமர்ந்தார். சட்டை மடியில் கிடந்தது. நெடுநேரம் அதன் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார், மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக. பிறகு எழுந்தார்.

"அப்படியானால் பெயரை எடுக்க வேண்டும். உயிரோடு இருப்பவரை அந்த வரிசையில் வாசிக்கக்கூடாது. அவருக்குக் கூடாது." கதவருகில் நின்று, "மகளிடம் நீங்கள் சொல்லுங்கள். இன்றைக்கே. நான் சொல்ல மாட்டேன்," என்றார். பெட்டியையும் சட்டையையும் கொண்டுபோய்விட்டார்.

மகள் பின்கட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். முழுவதும் கேட்டாள். தமிழில் தொடங்கி, முடியாமல் பிரெஞ்சுக்குப் போனாள்.

"வராமல் இருப்பதற்காக ஓர் ஆளைச் சாகடித்தீர்கள். அதுகூடப் பரவாயில்லை. இவருடைய அப்பா காத்துக்கொண்டிருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். தெரியுமா, இல்லையா?"

"தெரியும்."

"சரி," என்று சொல்லிவிட்டு மிச்ச உடுப்பைக் காயப்போட்டாள்.

அன்று பின்னேரம் அண்ணனுக்கு அழைத்து அவனுக்கும் சொன்னேன். முதலில் வாய்விட்டுச் சிரித்தான். "நான் செத்ததுக்கு நீயாவது அழுதியோடா?" என்றான். பிறகு, "ஒன்பது நாளும் செபிச்சவையோ? என்னையோ?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டான். இன்றுவரை அவன் திரும்ப அழைக்கவில்லை.

மறுநாள் பூசையில் ஒரு பெயர்தான் வாசித்தார்கள். மாடத்திலும் ஒரு படம்தான் இருந்தது. மருமகன் ஒவ்வொரு காலையும் வந்து என் இரத்தச் சீனியை அளந்து இன்சுலின் ஊசி போட்டான், முன்போலவே, வலிக்காமல். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் எனக்குச் சாப்பாடும் மின்விசிறியும் குறையவில்லை. பலாயே என்று மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை.

கலியாணத்தன்று காலை மகள் என் அறை வாசலில் நின்றாள். நீண்ட வெள்ளைக் கவுனும் முக்காடும் உடுத்தியிருந்தாள்.

"நான் மாமியோடை நடக்கிறன்," என்றாள். "நீங்கள் சனத்தோடை வாங்கிலை இருங்கோ."

"நான் வரலாமோ?"

"வராமல் இருக்கிறதுக்கு இன்னும் ஒருத்தரைச் சாக்காட்டப் போறீங்களே? வாங்கோ."

பாரிசிலிருந்து கொண்டுபோன சட்டையைப் போட்டுக்கொண்டு தேவாலயத்தில் நாலாவது வரிசை வாங்குப் பலகையில் இருந்தேன். அவள் மாமியாரின் கையைப் பிடித்து நடந்துவந்தாள். என் வாங்கைக் கடந்தபோது இந்தப் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் படம் எடுப்பவன், பெண்ணின் தகப்பன் எங்கே என்று கூப்பிட்டான். நான் மகளைப் பார்த்தேன். அவள் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போய் ஓரமாகக் கரையில் நின்றேன்.

அந்தப் படம் எபினேயில் அவளுடைய வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இன்னும் அனுப்பவில்லை. நான் கேட்கவும் இல்லை.