கரையில் கிடந்த படகு

நான் மண்டபம் பக்கம் கடல்தொழில் செய்பவன். போன மாதம் எங்கள் ஊர் வலைகளைக் கடலில் யாரோ அறுத்துவிட்டார்கள். மறுநாள் காலை, அறுத்த படகு இதுதான் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. அந்தோணி அண்ணனின் படகு. அவர் வேறு கட்சி. "போலீஸ் அவுக கட்சிப் பக்கம். நாமதான் தீர்ப்புச் சொல்லணும்" என்று எழுதினார்கள். எனக்கும் சூடேறியது. "கொளுத்துங்கடா அந்தப் படக" என்று குரல் பதிவாகப் பேசிக் குழுவில் அனுப்பிவிட்டு, யார் யார் கைதட்டும் படம் போட்டார்கள் என்று போனைத் திறந்து திறந்து பார்த்தேன்.

அதைக் கேட்ட மனைவி, "அது ஓட்டைன்னு கரையேத்தி ஒரு வாரமாச்சே. நீங்களுந்தான தோள் குடுத்துத் தள்ளுனீக?" என்றாள்.

தள்ளிய தோள் இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

கரைக்கு ஓடினேன். பத்துப் பேர் மண்ணெண்ணெய்க் கேனோடு நின்றார்கள். "நீ சொல்லித்தான வந்தோம்" என்றான் ஒருவன். படகு ஒரு வாரமாகக் கடலுக்கே போகவில்லை, தள்ளியவனே நான்தான் என்று குறுக்கே நின்று சொன்னேன். முணுமுணுத்தபடி கலைந்தார்கள். அந்தோணி அண்ணன் வந்து படகை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இப்போது குழுவில் யார் பெயர் வந்தாலும் முதலில் அந்த ஆளிடமே நேரில் போய்க் கேட்கிறேன். நான் பேசியதை அன்றே அழித்துவிட்டேன். ஆனால் நேற்று சாயல்குடியிலிருந்து மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, எங்க ஊர்க் குழுவுல படகக் கொளுத்தச் சொல்லி ஒரு ஆடியோ வந்திருக்கு. ஒன் கொரல் மாதிரியே இருக்கு."