டிராகனுக்குக் கொடுத்த வாக்கு

லிஃப்ட் மெக்கானிக்கை அவர் மனைவி "டிராகன் அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். ஐம்பது வயது மனுஷனுக்கு இப்படியொரு பட்டப்பெயரா என்று கேட்காதீர்கள். உழைத்துச் சம்பாதித்தது அது. பனிமலை ராஜ்ஜியத்தைப் பற்றிய ஐந்து தடித்த நாவல்களையும் கரைத்துக் குடித்தவர். அந்தக் கதைகளை வைத்துச் செய்த ஐந்து கம்ப்யூட்டர் விளையாட்டுகள் ஒரே பெட்டியாக விற்பனைக்கு வந்தபோது, கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றவர்.

முதல் மூன்றை மளமளவென்று முடித்தார். நாலாவதில் ஒரு தொங்குபாலம் வந்தது. மனுஷன் அங்கேயே டேரா போட்டுவிட்டார். வருஷக்கணக்காக!

எல்லாம் ஒரு டிராகனால். டிராகன் என்றதும் பயந்துவிட வேண்டாம், கன்றுக்குட்டி அளவுதான். பறக்கத் தெரியாது, நெருப்புக் கக்க வராது, தின்ன மட்டும் நன்றாகத் தெரியும். கதாநாயகன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வரும். உன்னை ஒருநாளும் விட்டுப் போகமாட்டேன் என்று நாவலில் அவன் அதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்தப் பாலத்தில்தான் பலகை முறிந்து விழுந்து அது செத்தும் போகிறது. விளையாட்டிலும் அப்படித்தானா என்று ஒருமுறை அதைக் கூட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தார். அப்படியேதான். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சேமித்து வைத்த பழைய கட்டத்துக்கே திரும்பி வந்தவர், அதற்குப் புல் பறித்துப் போட்டபடி இந்தக் கரையிலேயே சுற்றிச் சுற்றி வருகிறார்.

"இந்தக் கரையில இன்னும் புல்லு மிச்சம் இருக்கா, மாமா?" என்று மச்சினன் வரும்போதெல்லாம் கேட்பான்.

மனைவிக்கு வயிற்றெரிச்சல். கம்ப்யூட்டர் இருக்கும் ஜன்னலோர மேஜையில் தன் தையல் மெஷினை வைக்க வேண்டும் அவளுக்கு. "அஞ்சும் முடியட்டும், காலி பண்ணிடறேன்" என்று சொல்லியிருந்தார். எங்கே முடிவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவசரமாக போன் வந்தது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்களாம். விளையாட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பார்த்துப் பார்த்தே அந்த விளையாட்டைப் பழகியிருந்த மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றைக்கு இதற்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

கையெல்லாம் கிரீஸோடு அவர் திரும்பி வந்தபோது, "பாலத்தைத் தாண்டியாச்சு!" என்றாள். "பழைய கட்டத்து மேலேயே சேவ் பண்ணிட்டேன்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "செத்துடுச்சா?"

"எது?"

"எதுவா? என் டிராகன்டி!"

"அதை யாரு கூட்டிட்டுப் போனா? பலகையெல்லாம் இத்துப்போய்க் கிடக்கு. 'வா', 'நில்'னு ரெண்டு பட்டன் வந்துச்சு. 'நில்'லை அமுக்கினேன், நின்னுடுச்சு."

அந்தப் பட்டனை அவர் பார்க்காதவரா என்ன? ஆனால் நாவலைப் படித்த எவனாவது அதைத் தொடுவானா? வாக்குக் கொடுத்தாயிற்றே!

"லிஃப்டுல ஒரு ஆள் கூடுதலா ஏறிட்டாங்கன்னு தினமும் ஊரையே திட்டறீங்க. அந்தப் பாலத்துல மட்டும் எத்தனை பேரு வேணா ஏறலாமா?" என்றாள்.

அவர் திரையருகே குனிந்தார். கதாநாயகன் கால் வைத்து இறங்கியதுமே பாலம் அறுந்து பள்ளத்தில் தொங்கியது. இனித் திரும்பிப் போக வழியில்லை. அக்கரையில் டிராகன் இருந்தது. உயிரோடுதான் இருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு? அது சாகக் கூடாதுன்னுதானே இத்தனை வருஷம் அங்கேயே கிடந்தீங்க? அப்புறம் என்ன?"

"அது தனியா இருக்குமேடி" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.