இளைய கன்னியின் கண்கள்

நான் ஐந்தாவது படித்தபோது எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் கன்னிமார் கதையை வரைவதென்று முடிவாயிற்று. முதலிபாளையத்துக்குப் பக்கத்துப் பள்ளி அது. அதுவரை அந்தச் சுவரில் கட்சிச் சின்னங்களும் 'டைலர்கள் தேவை' என்ற அறிவிப்புகளும்தான் இருந்தன. பெயிண்ட் வாங்கித் தந்தவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. என் அம்மா அவருடைய கம்பெனியில்தான், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலையில் இருந்தாள்.

வரையச் சொல்லித்தர வெளியூரிலிருந்து ஒரு ஓவியர் வந்திருந்தார். மற்ற ஊர்களில் கன்னிமார் ஏழு பேர். எங்கள் குளத்துக்கரையில் கன்னியென்று கும்பிடுவது ஒரே ஒரு கல்தான். மிச்ச ஆறு பேர் எங்கே போனார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னார்.

ஷிப்மென்ட் அவசரம் என்று அம்மா அந்த வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை பின்னிவிடும்போது கேட்டேன்.

"ஏழு பேரும் குளிக்க வந்தாங்க. சின்னவ மட்டும் கரையில படுத்துத் தூங்கிப்போட்டா. மத்தவங்க விடியறக்குள்ள மேல போயிட்டாங்க."

"அவளை எழுப்பலையாம்மா?"

"அத்தனை அசதி அவளுக்கு. எழுப்பறக்கு மனசு வராம உட்டுட்டுப் போயிட்டாங்க கண்ணு."

பின்னல் பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால், ரிப்பனைப் பிடித்தபடியே அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

வகுப்பில் ஒருத்தி, மழை தருவதற்காகக் கன்னி தங்கினாள் என்றாள். இன்னொருவன், மாடுகளைக் காப்பதற்காக என்றான். ஓவியருக்குப் பிடித்தது என் அம்மா சொன்ன கதைதான். ஆறு பேர் மேலே பறக்க, கரையில் கைமேல் தலைவைத்துத் தூங்கும் இளையவள். கதை என்னுடையது என்பதால் அவள் முகத்தை வரையும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஒரு வாரம் நான் தரையில் கால்படாமல் நடந்தேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் முதலாளி பார்க்க வந்தார். கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"படம் நல்லாருக்குங்க சார். ஆனா ஏனுங்க, சாமியே தூங்கிட்டா நம்ம வேலையெல்லாம் எப்படிங்க ஆகும்?"

தலைமையாசிரியர் உடனே ஆமோதித்தார். ஓவியருக்கு மீதிச் சுவருக்கும் பெயிண்ட் வேண்டியிருந்தது. கருப்பு பெயிண்டையும் சின்ன பிரஷ்ஷையும் என்னிடம் நீட்டினார். எனக்கு வருத்தமே இல்லை. மூடிய கண்ணைவிடத் திறந்த கண் வரைவதில்தான் திறமை தெரியும் என்று நினைத்தேன். பெரிய கண்களாக, இமைமுடியெல்லாம் வைத்து வரைந்தேன்.

மறுநாள் முதலாளியே தன் ஆட்களைக் கம்பெனி வேனில் அனுப்பியிருந்தார். கழுத்தில் ஐடி கார்டும் தலைமுடியில் பஞ்சுத் தூசியுமாக அம்மா இறங்கினாள். கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். வந்தவர்கள் எல்லாரும் கண்கள் பேசுகின்றன என்று மெச்சியிருந்தார்கள். அம்மா என்ன சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் படத்துக்குக் கிட்டப் போய், காய்ந்திருந்த அந்தக் கண்மேல் விரலை வைத்தாள்.

"அட பாவமே, இவளையும் எழுப்பி உட்டுட்டாங்களா?"

அவ்வளவுதான் சொன்னாள். நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. கையை உதறிவிட்டுத் தோழிகளிடம் போய் நின்றுகொண்டேன். வேன் ஹாரன் அடித்தது. அம்மா ஓட்டமும் நடையுமாகப் போய் ஏறி, ஜன்னல் வழியாக என்னைத் தேடினாள். நான் பார்க்காதது போல நின்றேன். நான் வரைந்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது.