அக்கா இருந்த என் பத்தியம்

இந்த நாட்டுக் கழிவறைகளில் ஒரு மேடை இருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று பல வருடம் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். இப்போது சொல்லியே ஆகவேண்டும். பீங்கானுக்குள், தண்ணீருக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சமதளம். வந்தது அங்கேயே தங்கும். நாமாகத் தண்ணீரைத் திறந்துவிடும்வரை நகராது. திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது ஜெர்மானியர்களின் ஏற்பாடு. நானோ வடக்குப்பட்டு ஏரிக்கரையில், வேலிகாத்தான் புதர் மறைவில் ஒதுங்கி, எழுந்து, திரும்பியே பாராமல் நடந்து வளர்ந்தவன். அதுதான் எங்களுக்கு நாகரிகம். மெட்ராஸில் நான் லேத் டர்னராக இருந்த கம்பெனி, பயிற்சிக்கென்று என்னை இங்கே அனுப்பியது. பயிற்சி முடிந்தும் நான் திரும்பவில்லை. வந்த புதிதில் கண்ணை மூடிக்கொண்டுதான் தண்ணீரைத் திறந்தேன். தொழிற்சாலையில் நூலளவு பிசகையும் கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் வாங்கிய நான், வீட்டில் குருடனாக இருந்தேன்.

ஆறு வருடம் முன்பு ஒருநாள் மூட மறந்துபோய்ப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. முதல் நாள் காண்டீனில் சிவப்பு முட்டைக்கோஸ் தின்றது ஞாபகம் வந்து நிம்மதியானேன். அதற்கடுத்த வாரம் முட்டைக்கோஸ் தின்னாமலேயே சிவந்தது. மூலம் என்று நானே தீர்ப்பு எழுதி, மூன்று மாதம் மோர் குடித்தேன். கடைசியில் டாக்டரிடம் போனபோது பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். எனக்கு அப்போதுதான் விசாவை ஒரு வருடத்துக்கு நீட்டியிருந்தார்கள். என் உடம்பிலேயே முதலில் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கியது அந்த ஒரு சாண்தான்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனைக்கென்றே ஓர் அம்மாள் இருந்தார். ஃப்ராவ் லேமான். பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டு, சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெள்ளை ரொட்டி, வெண்ணெய், தினம் முட்டை என்றேன். அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அடடா, உங்கள் நாட்டுக் கிராமங்களில் தவிடு நீக்காத தானியமும் கீரையும் பருப்பும் சாப்பிடுகிறார்கள் என்று படித்திருந்தேன். அப்படிச் சாப்பிட்டு வளர்ந்திருந்தால் இப்போது உங்களுக்குப் பழகிக்கொள்வது சுலபமாக இருந்திருக்குமே" என்றார். கௌரவத்துக்குச் சொன்ன பொய்யில் கௌரவமும் போயிற்று. பிறகு ஒரு பட்டியல் கொடுத்தார். முழுத் தானியம், பருப்பு, காய், கீரை நிறைய. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி குறைவாக. உப்பிட்டதும் புகைபோட்டதும் வேண்டவே வேண்டாம். இதைச் சாப்பிட்டால் நோய் திரும்பாதா என்று கேட்டேன். "அப்படி யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் மற்றதெல்லாம் டாக்டர் கையில் இருக்கிறது. இது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது" என்றார்.

என் கையில் கொடுத்ததுதான் அவர் செய்த தவறு. மூன்று மாதம் ஒழுங்காக இருந்தேன். நான்காம் மாதம், பக்கத்து மெஷினில் நிற்கும் கிளவுஸ் ஒரு வெள்ளிக்கிழமை தன் தட்டிலிருந்து பாதி வுர்ஸ்டை வெட்டி என் தட்டில் வைத்தான். உப்பிட்டு, புகைபோட்டு, கொழுப்பு வழியும் பன்றிக்கறிக் குழல் அது. பாதிதானே என்று தின்றேன். பிறகு வெள்ளிக்கிழமைதானே என்று தின்றேன். பிறகு செவ்வாய்க்கிழமையும் அதையேதான் தின்றேன்.

எனக்கு ஊரில் இருப்பது ஒரே ஓர் அக்கா, சம்பூர்ணம். எங்களைப் பெற்றவர்கள் போன பிறகு, தன் பங்குச் சோற்றையும் எனக்குப் போட்டு வளர்த்தவள். ஐந்தாவது வரை படித்தவள். கடிதத்தை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படிப்பாள். புற்றுநோய் என்று அவளுக்கு எழுதக் கை வரவில்லை. வயிற்றில் சின்ன ஆபரேஷன், இனி இன்னின்னது சாப்பிடக்கூடாதாம் என்று ஃப்ராவ் லேமானின் பட்டியலை எழுதி அனுப்பினேன். நான் அந்தப் பத்தியத்தை எப்படிக் கடைப்பிடிக்கிறேன் என்பதைப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். இங்கே தின்னத் தின்ன அங்கே கடிதத்தில் விரதம் கூடியது. சர்க்கரையை விட்டேன் என்று ஒரு தடவை எழுதினேன். காபியையே நிறுத்திவிட்டேன் என்று இன்னொரு தடவை எழுதியபோது என் பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு பரிசோதனையிலும் டாக்டர் ஒரே கேள்வி கேட்பார். உடன்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரலாம். உங்கள் அக்கா பரிசோதித்துக் கொண்டாரா? கொண்டாள் என்பேன். இந்த வருடம் அவர், உங்களுக்கு இதுவரை ஒன்றும் தெரியவில்லை, ரொம்ப சந்தோஷம் என்று கைகொடுத்துவிட்டு, அக்காவின் ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். பேப்பர் இல்லாத உண்மை இந்த நாட்டில் செல்லாது. ஆறு வருடப் பொய்க்குப் பேப்பர் வேண்டுமே என்று ஆடி மாதத்துக்கு டிக்கெட் எடுத்தேன். விமானத்தில் வழியெல்லாம் அக்கா கை ஆட்டுக்கறிக் குழம்பையும் நெத்திலிக் கருவாட்டையும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, ஊர் நிறுத்தத்தில் இறங்கினேன். எதிரே நின்ற அம்மாளைத் தாண்டி நாலடி நடந்துவிட்டேன். "டேய், எங்கடா போற?" என்று குரல் வந்ததும்தான் அது அக்கா என்று தெரிந்தது. பாதியாகியிருந்தாள். கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எனக்கு வந்த அதே நோய் இவளுக்கும் வந்து முற்றிவிட்டது, நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் இலை போட்டாள். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, துவரம்பருப்பு. நான் இலையையே பார்த்தேன். அக்காவும் தன் தட்டில் அதையேதான் வைத்துக்கொண்டாள்.

அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, அக்காவுக்கு ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல மச்சான். உன் லெட்டர்தான்."

"லெட்டரா?"

"தம்பி துன்னாதத நான் எப்பிடித் துன்றதுன்னு வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கினா. நீ நல்லபடியா வந்து மொட்ட போடற வரைக்கும் உனக்கு இன்னா பத்தியமோ அதான் அவளுக்கும். உன் லெட்டர் வந்தாலே எனக்கு பயம். இன்னும் எத நிறுத்தப் போறானோன்னு. போன தபா காபிய நிறுத்திட்டேன்னு எழுதினியே, அன்னையிலேர்ந்து இந்த வூட்ல காபித்தூள் வாங்கறதில்ல."

மாமாவுக்குக் காபி உயிர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஃப்ராவ் லேமானின் பட்டியலை ஒரு நாள் தவறாமல், ஒரு வரி விடாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் வடக்குப்பட்டில் இருந்தாள். பட்டியலில் இல்லாததையும், நான் பெருமைக்குச் சேர்த்த பொய்களையும், அவள் சேர்த்துக் கடைப்பிடித்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. களி தொண்டையில் நிற்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆடிக் கிருத்திகையன்று வல்லக்கோட்டையில் மொட்டை போட்டுக்கொண்டேன். கும்பல் நெருக்கியது. சந்தனம் பூசிய தலையோடு குளத்துப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முருகன் எதிர்ல சொல்லு. சரியாப் பூட்ச்சா?" என்றாள்.

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்லன்னாங்கக்கா. அது சின்ன ஆபரேசன் இல்ல. புத்துநோய்."

உனக்கும் வரலாம், நீ பரிசோதனைக்கு வரவேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அப்போ லெட்டர்ல எழுதினதெல்லாம்?"

"பாதி பொய்யிக்கா."

"எந்தப் பாதி?"

"நான் துன்றதில்லன்னு எழுதின பாதி."

"கருவாடு விக்கிறவ தெருவுல வந்தா மூக்கப் புடிச்சிக்கினு உள்ள பூடுவேன்டா" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமா கையில்தான் எனக்குச் சாப்பாடு வந்தது. அதுவும் களிதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டே, "மெட்ராசுக்கு எப்போ போவணும்?" என்று கேட்டாள்.

குழாய்விட்டுப் பார்த்த டாக்டர், உள்ளே மொட்டு மாதிரி ஒன்று இருந்தது, எடுத்துவிட்டோம் என்றார். அதைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் நான் பட்ட பயம் என் ஆபரேஷனுக்குக்கூடப் பட்டதில்லை. மெட்ராஸில் முடிவை வாங்கியது நான்தான். கெட்டது இல்லை, விட்டிருந்தால் பிற்பாடு கெட்டதாகியிருக்கலாம், வருடா வருடம் வந்து பார்க்கவேண்டும் என்றார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ரிப்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு அக்கா நெத்திலிக் கருவாடு வாங்கிக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். மாமாவுக்குக் காபி வந்தது. எனக்கு மறுபடியும் களி வந்தது. "என் வேண்டுதல் முடிஞ்சுது. உன் பத்தியம் முடியல" என்றாள். ஆறு வருடம் கழித்து முதல் வாய் சாப்பிட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள். கிளம்பும்போது கேழ்வரகு மாவைப் பெட்டியில் திணித்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே நீ இன்னா துன்றியோ, அத அப்டியே எழுது. நானும் அதத்தான் துன்னப் போறேன். நல்லதத் துன்னா நல்லது, கண்டதத் துன்னா கண்டது."

திரும்பி வந்த முதல் நாள் காண்டீனில் என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் சத்தம் அடங்கிவிட்டது. கிளவுஸ் எழுந்து வந்து தோளில் கைவைத்து, "மறுபடியுமா?" என்றான். மருந்து கொடுத்து முடி கொட்டிவிட்டதென்று நினைத்திருக்கிறான். இல்லை, குணமானதற்காக எடுத்தது என்றேன். குணமானால் எதற்கு முடியை எடுத்தார்கள் என்று கேட்டான். கடவுளுக்குக் கொடுத்தேன் என்றேன். அவன் நம்பவில்லை. தன் தட்டிலிருந்த வுர்ஸ்டை என் கண்ணில் படாமல் அந்தப் பக்கம் தள்ளி வைத்தான்.

முடி வளர்ந்த பிறகு தட்டு மறுபடியும் என் பக்கம் வந்தது. வாசனை மூக்கில் ஏறியதும், என் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கறிக்கடையில் பன்றிக்கறிக் குழல் கேட்டு நிற்கும் அக்காவை நினைத்துப் பார்த்தேன். கேட்கக்கூடியவள்தான். பருப்பு சூப் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடிதத்தில் அதை எழுதினேன். இரண்டு வாரத்துக்கு முன் தின்ற ஒரு துண்டையும் மறைக்காமல் எழுதிவிட்டு, அதை மட்டும் நீ தின்னவேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கூச்சத்தை விட்டு இந்த நாட்டு மேடையைப் பற்றியும் எழுதி, நீயும் திரும்பிப் பார்த்துவிட்டு வா என்றேன். இங்கே டாக்டர் அக்காவின் ரிப்போர்ட்டை வாங்கி ஃபைலில் குத்திக்கொண்டார்.

மாமாவின் பதில் நேற்று வந்தது. இப்போதெல்லாம் அக்கா ஏரிக்கரைப் பக்கம் போனால், எழுந்து, திரும்பிக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறாளாம். கூடப் போகும் பெண்கள் சிரிக்கிறார்களாம். "என் தம்பி ஊர்ல அப்டித்தான்" என்கிறாளாம். அங்கே அவள் விடியற்காலையில் பார்த்துவிட்டு வீடு திரும்பி மூன்றரை மணி நேரம் ஆனபின், இங்கே எனக்கு விடிகிறது. நானும் எழுந்து போய்த் திரும்பிப் பார்க்கிறேன்.